வேலைக்கு ஒரு கில்ட், கலியாணத்துக்கு ஒரு கில்ட்: பார்க்டேலிலிருந்து யூனியன்வில் வரை

அவுஸ்திரேலியாவிலிருந்து வரப்போகும் தோழி ஒருத்தி போன வாரம் மின்னஞ்சலில் கேட்டிருந்தாள்: "பார்க்டேலில் தங்கினால், கார் இல்லாமல் ஸ்காபரோ, மார்க்கம் பக்கமெல்லாம் ஒரே நாளில் போய்வரலாமா?" போய்வரலாம். நான் போயிருக்கிறேன். 1996ஆம் ஆண்டு, ஓகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், தோளில் இரண்டு கறுப்பு உடுப்புப் பைகளைச் சுமந்துகொண்டு போனேன். அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது அது நீண்டுகொண்டே போனது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். ரொறன்ரோவின் மேற்கு மூலையிலிருந்து கிழக்கு மூலைக்கும், அங்கிருந்து வடக்கே மார்க்கமுக்கும் போன பயணம் இது. ஆனால் நான் போனது ஊர் பார்க்க அல்ல. ஓர் ஆளைப் பார்க்க.

அப்போது நான் பார்க்டேலில் கில்ட் வாடகைக்கு விடும் சிறிய கடையொன்றில் தையல் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கில்ட் என்பது ஸ்கொட்லாந்து ஆண்கள் அணியும், முழங்கால் வரை வரும் கட்டம் போட்ட கம்பளி உடை. முன்பக்கம் தட்டையாக இருக்கும், பின்பக்கம் முழுக்க மடிப்புகள். ஒரு கில்ட்டுக்கு ஏழெட்டுக் கெஜம் துணி போகும். கையில் தூக்கினால் ஒரு குழந்தையின் பாரம் இருக்கும். முதல் நாள் நான் அதைப் பாவாடை என்றுதான் நினைத்தேன். அந்த மடிப்புகளைக் கையால் தைக்கத் தொடங்கிய இரண்டாம் நாளே நினைப்பு மாறிவிட்டது.

கடைக்கு வரும் கில்ட்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது கலியாணத்துக்குப் போய் வருபவை. திங்கட்கிழமை திரும்பி வரும்போது மடியில் கேக் பூச்சு ஒட்டியிருக்கும், வைன் மணக்கும். ஒன்று மட்டும் வேறு மாதிரி. ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை தபால் பொதியாக வரும். பச்சையும் நீலமும் கலந்த கட்டம். பெற்றோல் மணக்கும். கரையில் எவ்வளவு கழுவினாலும் போகாத கறுப்பு எண்ணெய், மடிப்பில் கிழிசல், இடுப்புப் பட்டி நைந்து நூலாகியிருக்கும். கலியாண வீட்டில் யாரும் இப்படித் துணியைக் கிழிப்பதில்லை. "இதை ஆர் போடுறது?" என்று கடை முதலாளி மார்கரெட்டிடம் கேட்டேன். "ஸ்காபரோவில், மோர்னிங்சைடில் ஒருவர். தினமும் போடுகிறார்" என்றார். மார்கரெட்டுக்கு அறுபது வயது இருக்கும். தேவைக்கு மேலே ஒரு சொல்லும் பேசாத மனுசி.

தினமும் என்றால் எப்படி? பனியிலுமா? பஸ்ஸிலுமா? காற்றடித்தால் என்ன செய்வார்? அயலவர்கள் என்ன சொல்வார்கள்? தைக்கத் தைக்க இந்தக் கேள்விகள் எனக்குள் பெருகிக்கொண்டே இருந்தன.

அந்த வெள்ளிக்கிழமை மார்கரெட்டின் கார் திருத்தக் கடையில் நின்றது. மார்க்கமில் இருக்கும் யூனியன்வில்லில் சனிக்கிழமை மூன்று மணிக்குக் கலியாணம் செய்யப்போகும் மாப்பிள்ளை ஒருவருக்குக் கடைசி நேரத்தில் இடுப்பு வார் மாற்ற வேண்டியிருந்தது, மூன்று வாரத்தில் மெலிந்துவிட்டார். "நீ பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுப்பாயா? பன்னிரண்டு மணிக்கு முன் கிடைக்க வேண்டும்" என்று மார்கரெட் கேட்டார். சம்மதித்தேன். அன்று எனக்குச் சொல்லப்பட்ட வேலை அவ்வளவுதான். அந்த மோர்னிங்சைட்காரரின் கில்ட்டையும் திருத்தி முடித்திருந்தேன். அது திங்கட்கிழமை தபாலில் போயிருக்க வேண்டியது. "அதையும் போகிற வழியில் கொடுத்துவிடுகிறேன்" என்றேன். மோர்னிங்சைட் யூனியன்வில்லுக்குப் போகிற வழியே அல்ல. மார்கரெட்டுக்கும் அது தெரியும். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும், என் கணவருக்குக் காட்டவென்று இரண்டு பைகளையும் கட்டிலில் திறந்து விரித்தேன். பார்த்து முடிய மடித்து வைத்து மூடினேன். பெயர்ச் சீட்டுகளைத் திரும்பக் குத்தினேன். அங்கேதான் பிழை நடந்தது, ஆனால் அது எனக்கு மறுநாள் மதியம்தான் தெரியவந்தது.

சனிக்கிழமை காலை 7.10க்கு ஜேம்சன் சந்தியில் கிங் வீதியில் ட்ராமாக ஓடும் ஸ்ட்ரீட்கார் எடுத்தேன். கட்டணம் இரண்டு டொலர். ஏறும்போதே மாற்றுச் சீட்டுக் கேட்டு வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த வண்டிக்கு மறுபடி காசு போட வேண்டிவரும். நகரத்தின் நடுப்பக்கம் போகாமல் மேற்குப் பக்கமாகப் போகும் வண்டியில் ஏறுங்கள். ரொன்செஸ்வேல்ஸ் வீதியால் மேலே ஏறி, இருபத்தைந்து நிமிடத்தில் டண்டாஸ் வெஸ்ட் சப்வே நிலையத்தில் விட்டுவிடும். அங்கிருந்து கிழக்கே போகும் ரயிலில் ஏறினால் இறங்க வேண்டியதில்லை, கென்னடி நிலையத்தில் ரயிலே நின்றுவிடும். நாற்பத்தைந்து நிமிடம். நடுவில் டொன் பள்ளத்தாக்குக்கு மேலே ரயில் வெளிச்சத்துக்கு வரும்போது இடது பக்கம் இருந்தால் மரங்கள் நன்றாகத் தெரியும். நான் வலது பக்கம் இருந்தேன், மடியில் இரண்டு பைகள். பக்கத்தில் இருந்தவர் "கோட்டா?" என்று கேட்டார். "கில்ட்" என்றேன். "அப்போ கலியாணம்" என்றார். ஒன்று கலியாணத்துக்கு, மற்றது எதற்கென்று எனக்கே தெரியாது என்று சொல்ல நினைத்தேன். அவ்வளவு ஆங்கிலம் அப்போது என்னிடம் இல்லை.

கென்னடியில் மோர்னிங்சைட் பஸ். முப்பத்தைந்து நிமிடம். 9.05க்கு இறங்கினேன். பார்க்டேலிலிருந்து ஏறக்குறைய இருபத்தெட்டுக் கிலோமீட்டர், ஒரே கட்டணத்தில். பஸ்ஸில் பாதிப்பேர் தமிழ்தான் பேசினார்கள். அரிசி எந்தக் கடையில் மலிவு என்ற விசாரணை கடைசி ஆசனத்திலிருந்து ஓட்டுநர் வரை போய்வந்தது.

விலாசத்தில் இருந்தது ஒரு சிறிய வீடு. கராஜ் கதவு திறந்திருந்தது. உள்ளே புல்வெட்டும் இயந்திரங்கள் வரிசையாக நின்றன. ஒன்றைத் தலைகீழாகப் புரட்டி வைத்துவிட்டு, அதன் முன்னால் குட்டைக் கதிரையில் ஒருவர் இருந்தார். ஐம்பது வயதுக்கு மேலே, கட்டையான ஆள், நரைத்த மீசை. மேலே சாதாரண ரீசேட். கீழே இன்னொரு கில்ட், பின்மடிப்பில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. என் தோளில் பையைக் கண்டதும் எழுந்து, எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "ஓ, என் தையல்காரி!" என்றார்.

அவர் பெயர் மனுவெல். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரேயளவு உடைந்தவை, அதனால் ஒருவருக்கொருவர் நன்றாக விளங்கியது. பையை வாங்கி, திறக்காமலே, கை அழுக்கென்று சுவரில் இருந்த கொளுக்கியில் மாட்டினார். எனக்கு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு இருக்கச் சொன்னார்.

"நீங்கள் ஸ்கொட்லாந்தில் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். மார்கரெட் எல்லா வாடிக்கையாளர்களிடமும் முதலில் கேட்கும் கேள்வி அது.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நான் போர்த்துக்கல். தீவுக்காரன். ஸ்கொட்லாந்தைப் படத்தில் கூடச் சரியாகப் பார்த்ததில்லை."

பதினொரு வருடத்துக்கு முன் அவர் கூரை வேலை செய்தவர். கொதிக்கும் தார் வாளி கவிழ்ந்து இரண்டு காலிலும் ஊற்றிவிட்டது. ஐந்து மாதம் ஆஸ்பத்திரி. தோல் ஒட்டிச் சரியானது, ஆனால் காற்சட்டை உரசினால் எரியும். அரைக் காற்சட்டையின் கரை சரியாகத் தழும்பு தொடங்கும் இடத்தில் முட்டும். வீட்டுக்குள்ளேயே துவாயைக் கட்டிக்கொண்டு ஒரு வருடம் இருந்தார். ஒரு நாள் தேவாலயத்தில் பழைய சாமான் விற்றபோது, மேசையில் இந்தக் கில்ட் கிடந்தது. மூன்று டொலர். யாரோ கலியாணத்துக்கு ஒரேயொரு தடவை போட்டுவிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். "கட்டிப் பார்த்தேன். ஒன்றும் காலில் படவில்லை. அன்றைக்கே தெருவில் இறங்கி நடந்தேன்" என்றார்.

"ஆக்கள் ஒன்றும் சொல்லவில்லையா?"

"முதல் மாதம் எல்லாரும் கேட்டார்கள், எங்கே கலியாணம் என்று. இரண்டாம் மாதம் காலநிலையைப் பற்றிக் கேட்டார்கள். மூன்றாம் மாதம் புல்வெட்டும் மெஷினைப் பற்றிக் கேட்டார்கள்." துணியில் மறுபடி கையைத் துடைத்துக்கொண்டார். "மனைவி ஒரு வருடம் என்னோடு தேவாலயத்துக்கு வரவில்லை. மகள் அப்போது பள்ளிக்கூடம் போனாள். பஸ் நிறுத்தத்தில் நான் நின்றால் அவள் தெருவுக்கு மற்றப் பக்கம் நிற்பாள். பதினான்கு வயது. அவளைக் குற்றம் சொல்ல முடியாது."

பனியில் எப்படி என்று கேட்டேன். நீளமான கம்பளிக் காலுறை, ஆனால் தழும்பில் படாதபடி தளர்வாக. காற்றுக்கு? துணியின் பாரமே போதும், மடிப்பு பறக்காது, இலேசான மலிவுத் துணியில் தைத்தால்தான் தொல்லை. எனக்கு இருந்த கேள்விகள் முக்கால்வாசி தீர்ந்தன. 9.55க்கு எழும்பினேன். போர்த்துக்கல் பாண் துண்டு ஒன்றைக் கடதாசியில் சுற்றிக் கையில் தந்துவிட்டார்.

மோர்னிங்சைடிலிருந்து யூனியன்வில்லுக்கு நேர்ப் பஸ் இல்லை. இடையில் தங்கிவிட்டதால் மாற்றுச் சீட்டும் செல்லாது, புதிதாக இரண்டு டொலர். லோரன்ஸ் பஸ்ஸில் மேற்கே வந்து, வார்டன் வீதியில் இறங்கி, வடக்கே போகும் பஸ்ஸுக்குப் பதின்மூன்று நிமிடம் நின்றேன். ஸ்டீல்ஸ் வீதியைத் தாண்டினால் ரொறன்ரோ முடிந்து மார்க்கம் தொடங்கிவிடும், அதற்கு இன்னொரு கட்டணம். இது பலருக்குத் தெரியாது, ஓட்டுநரோடு சண்டை பிடிப்பார்கள். நெடுஞ்சாலை ஏழில் இறங்கிய பிறகு இருபத்தைந்து நிமிட நடை. நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு போங்கள். 11.35க்கு மாப்பிள்ளை வீட்டு மணியை அடித்தேன். பன்னிரண்டுக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

மாப்பிள்ளையின் பெயர் ரெஜி. மன்னார்க் குடும்பம். ஸ்கொட்லாந்து வழிவந்த வெள்ளைக்காரப் பிள்ளையைக் கட்டுகிறார். ஸ்கொட்லாந்தில் குடும்பத்துக்குக் குடும்பம் கில்ட்டின் கட்டம் வேறு. பெண்ணின் தகப்பனுக்கு ஆண் பிள்ளை இல்லை. "எங்கள் குடும்பக் கட்டத்தை நீ ஒருநாள் போடுவாயா?" என்று அவர் ரெஜியிடம் கேட்டிருந்தார். அது ஒன்றுதான் அவர் கேட்டது, ரெஜியும் சம்மதித்திருந்தார். மூன்று வாரத்துக்கு முன் கடைக்கு அளவு கொடுக்க வந்தபோது அவர் நின்ற கோலம் எனக்கு நினைவிருந்தது. இடுப்பில் சுற்றியது அவிழ்ந்துவிடும் என்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் நின்றார்.

கதவைத் திறந்தது அவருடைய தாயார், பிலோமினா அன்ரி. தலைக்கு மல்லிகை வைத்து, சேலைக்கு இன்னும் மாறாமல் நின்றார். "வாங்கோ பிள்ளை, வாங்கோ. உந்தப் பாவாடையைக் கொண்டு வந்திட்டீரோ?" என்றார். அந்தச் சொல்லிலேயே அவருடைய மனம் தெரிந்தது. பையை மேசையில் வைத்து அதன் ஸிப்பைத் திறந்தேன்.

பச்சையும் நீலமும் கலந்த கட்டம். பெற்றோல் மணம்.

 அன்ரி குனிந்து பார்த்தார், விரலால் தொட்டுப் பார்த்தார். விரலில் கறுப்பு ஒட்டியது.

"என்ன பிள்ளை உது? ஆரோ பாவிச்ச துணியெல்லோ உது!"

"அன்ரி, பொறுங்கோ. பை மாறிப்போச்சுது. பிழை என்னிலதான்."

"மாறிப்போச்சோ? மூண்டு மணிக்குக் கலியாணம். ரெஜி! ரெஜி, இஞ்ச வந்து பார், உன்ர மாமனார் கேட்ட வடிவை!"

வீட்டில் கார் இல்லை. ரெஜியின் தகப்பன், அங்கிள், மண்டபத்துக்குக் கதிரை அடுக்கப் போயிருந்தார். ரெஜியின் காரைச் சிநேகிதர்கள் பூக் கட்டவென்று கொண்டுபோய்விட்டார்கள். மனுவெலின் தொலைபேசி எண் கடைப் புத்தகத்தில்தான் இருந்தது. கடைக்கு அடித்தேன். பிஸி. மறுபடி பிஸி. பத்து நிமிடம் அடித்தடித்துப் பார்த்தேன். ஆறு மாதம் முடிந்தால் நிரந்தரம் என்று மார்கரெட் சொல்லியிருந்த வேலை, அந்தப் பத்து நிமிடத்தில் என் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அதைவிட, இன்னொருவரின் கலியாண நாளை நான் கெடுத்துவிட்டேன் என்பதுதான் தாங்க முடியவில்லை.

அதற்கிடையில் அன்ரி ஒரு பெட்டியோடு வந்தார். "பட்டு வேட்டி கிடக்குது. நான் அப்பவே எடுத்து வைச்சனான். உதைக் கட்டிக்கொண்டு போ. ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்."

"அம்மா, நான் அவருக்குச் சொல்லிப்போட்டன்."

"பை மாறினதுக்கு நீ என்ன செய்யிறது? தமிழ்ப் பிள்ளை வேட்டியோட வாறதில என்ன குறை?"

"குறை இல்லை அம்மா. வேட்டி எனக்கும் விருப்பம்தான். ஆனா அந்த மனுசன் என்னட்டக் கேட்டது ஒரேயொரு விசயம்." ரெஜி என் பக்கம் திரும்பினார். "அக்கா, உந்தக் கில்ட்டைக் கட்டிவிடுங்கோ. மற்றது வராட்டி உதோட போறன்."

அன்ரி கதிரையில் இருந்துவிட்டார். அழவில்லை, கோபமாகவும் இல்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மல்லிகையை மட்டும் சரிசெய்தார்.

ஒருவழியாகக் கடைத் தொலைபேசி கிடைத்தது. மார்கரெட்டின் குரல். "அவர் இப்போதுதான் பேசிவிட்டு வைத்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவிய பிறகு பையைத் திறந்திருக்கிறார். விலாசம் கொடுத்தேன், வந்துகொண்டிருக்கிறார். நாம் செவ்வாய்க்கிழமை பேசுவோம்." அவ்வளவுதான், வைத்துவிட்டார். கடை திங்கட்கிழமையும் திறந்திருக்கும். ஏன் செவ்வாய் என்று எனக்கு விளங்கவில்லை.

மோர்னிங்சைடிலிருந்து இருபது கிலோமீட்டர், முப்பது நிமிடம் போதும். பன்னிரண்டரைக்கு வரவில்லை. ஒரு மணிக்கும் வரவில்லை. நான் வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் ஒன்று நடந்தது. மனுவெலின் கில்ட் ரெஜிக்குப் பெரிது. இடுப்பில் மூன்று ஊசி குத்தி, ஒரு தையலும் போட்டு நிறுத்தினேன். முதலில் அவர் கடையில் நின்றதுபோலவேதான் நின்றார். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் வானோடு வந்து கேக் பெட்டிகள் எங்கே என்று கேட்டார். ரெஜி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார். பிறகு இன்னொன்று. எண்ணெய் பிரண்ட துணி என்பதால் அழுக்காகிவிடுமோ என்ற பயம் இல்லை. படியில் இருந்து தேத்தண்ணி குடித்தார், முழங்காலில் நின்று ஒரு பெட்டிக்கு நாடா ஒட்டினார், தெருவுக்கு ஓடி வானைப் பின்னால் எடுக்கக் கைகாட்டினார். அரை மணி நேரத்தில் இடுப்பைப் பிடித்த கை எங்கேயோ போய்விட்டது. சமையலறை யன்னலால் அன்ரியும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பாரும், உவன் சாரத்தோட திரியிற மாதிரியெல்லோ திரியிறான்" என்றார் மெல்ல, வீட்டில் ஆண்கள் கட்டும் லுங்கியை நினைத்து. அதில் சிரிப்பும் இருந்தது.

1.20க்கு ஒரு பழைய வான் வந்து நின்றது. யூனியன்வில்லின் வளைந்த தெருக்களில் மனுவெல் மூன்று தரம் சுற்றியிருக்கிறார். மடிப்பு தொங்கும் அதே கில்ட்டோடு, கறுப்புப் பையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். ஆனால் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. "நான் அழுக்கு" என்றார்.

அன்ரி முதலில் கில்ட்டைப் பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே தோல் சிவந்து, சுருங்கி, மெழுகு உருகியதுபோல இருந்தது.

"ஐயோ, காலுக்கு என்ன நடந்தது? கேளும் பிள்ளை."

கேட்கத் தேவையிருக்கவில்லை. கராஜில் அவர் எனக்குச் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன், துவாய் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருந்த வருடத்தையும் சேர்த்து.  அன்ரி உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கிவந்து, அதன்மேல் பழைய போர்வை விரித்து, "இதில இருக்கச் சொல்லும், இனி அழுக்கில்லை" என்றார். பற்றீசும் றோல்ஸும் வைத்த தட்டு வந்தது. பிறகு அன்ரிக்கும் என்னைப் போலவே கேள்வி வந்துவிட்டது. "ஏன் உவர் ஒரு சாரம் கட்டக் கூடாதாம்?"

மொழிபெயர்த்தேன். சாரம் என்றால் என்ன என்று மனுவெல் கேட்டார். அன்ரி அங்கிளின் சாரமொன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் துணியை விரலால் உரசிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஒரு தையற்காரன் பார்ப்பதுபோல. "நல்ல துணி. வீட்டுக்குள் நன்றாயிருக்கும். பனிக்கு இது காணாது. ஸ்குரூ டிரைவரை எங்கே வைப்பது?" என்று தன் இடுப்பில் தொங்கும் தோல் பையைத் தட்டிக் காட்டினார். அன்ரி சிரித்தார். நான் அந்த வீட்டுக்குள் வந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

ரெஜி புதுக் கில்ட்டுக்கு மாறி வந்தார். சிவப்பும் கடும் பச்சையும். வார்களை இழுத்துப் பூட்டினேன், சரியாக நின்றது. அவரும் சரியாக நின்றார். ஒன்றரை மணி நேரம் எண்ணெய்த் துணியில் ஓடித் திரிந்த உடம்புக்கு இனி எந்தக் கில்ட்டும் புதிதில்லை. அன்ரி சுற்றிவந்து பார்த்துவிட்டு, பெட்டியைத் திறந்து, வேட்டியின் மேல் கிடந்த சால்வையை மட்டும் எடுத்து மகனின் தோளில் போட்டார். பிறகு தானே அதை எடுத்து மடித்தார். "வேண்டாம். அந்த மனுசன் கேட்டதை அப்பிடியே குடுப்பம்" என்றார்.

மனுவெலைத் தேவாலயத்துக்கு அழைத்தார்கள். அவர் மறுத்துவிட்டார். நான்கு மணிக்கு இரண்டு இயந்திரம் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாராம். குளியலறைக்குள் போய், நான் ஊசிகளைக் கழற்றிக் கொடுத்த தன் கில்ட்டை மாற்றிக்கொண்டு வந்தார். கிழிந்ததை என்னிடமே தந்தார். "இதை அவசரமில்லாமல் தபாலில் அனுப்பு" என்று சொல்லிவிட்டு வானில் ஏறினார். நான் அன்ரியோடு தேவாலயத்துக்குப் போனேன், பின் வரிசையில் இருந்தேன். பெண்ணின் தகப்பன் ரெஜியைக் கண்டதும் கைகொடுக்க வந்தவர், கையைக் கொடுக்காமல் முழுதாகக் கட்டிப்பிடித்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மார்கரெட் பேசினார். திங்கள் முழுவதும் கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தாராம். "இனிமேல் வாடிக்கையாளரின் கண்முன்னால் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். கடைக்கு வெளியே வேறு யாருக்கும் திறந்து காட்டக் கூடாது." அவ்வளவுதான். அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்கினார். அந்தக் கடையில் பிறகு நான்கு வருடம் இருந்தேன்.

தோழிக்கும், இந்த வழியில் போகப்போகும் மற்றவர்களுக்கும் சில விசயங்கள். நான் எழுதிய கட்டணமெல்லாம் அந்தக் காலத்தவை, இன்றைக்குப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பாதை பெரும்பாலும் அதேதான். மோர்னிங்சைடையும் யூனியன்வில்லையும் ஒரே நாளில் பார்ப்பதென்றால் காலை ஏழரைக்கு முன் கிளம்புங்கள், இடையில் காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு மணியாவது ஒதுக்குங்கள். ஸ்காபரோவின் பஸ்கள் சனிக்கிழமையில் கொஞ்சம் சோம்பல். கலியாணத்துக்குக் கில்ட் வாடகைக்கு எடுப்பவர்கள் முதல் நாளே எடுத்து, வீட்டில் இரண்டு மணி நேரம் அணிந்துகொண்டு ஏதாவது வேலை செய்யுங்கள். பாத்திரம் கழுவுங்கள், படியேறி இறங்குங்கள். மடிப்பு பின்பக்கம் வரவேண்டும், இதைப் பிழைவிட்டுக் கட்டிக்கொண்டு போனவர்களின் படங்கள் எங்கள் கடையில் ஒரு கோப்பு நிறைய இருந்தன. தெருவில் சாதாரண நாளில் கில்ட்டோடு ஒருவரைக் கண்டால் ஸ்கொட்லாந்தில் எந்தப் பக்கம் என்று கேட்டுவிடாதீர்கள். என் அனுபவத்தில் அது நல்ல கேள்வி அல்ல.

அடுத்த வருடம் மே மாதம் மனுவெல் கடைக்கு நேரில் வந்தார். பொதி இல்லை, வெறுங்கை. "மகளுக்குக் கலியாணம். எனக்கு விசேஷமாக ஏதாவது வேண்டும்" என்றார். மார்கரெட் உற்சாகமாகி, கண்ணாடி அலுமாரியிலிருந்து கடையிலேயே உயர்ந்த கறுப்புக் கில்ட்டையும் வெள்ளி வைத்த தோல் பையையும் எடுத்துவந்து மேசையில் பரப்பினார். மனுவெல் அதைத் தடவிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"இது தினமும் போடுவதுதானே. எனக்குக் காற்சட்டை வேண்டும்."

மார்கரெட் என்னைப் பார்த்தார். நான் மனுவெலிடம் கேட்டேன், "மகள் அப்படிக் கேட்டாளா?"

"இல்லை. 'அப்பா, கில்ட்டிலேயே வாருங்கள், எனக்கு அதுதான் விருப்பம்' என்றாள்." அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "அதனால்தான்."

நான் அந்தக் காற்சட்டையை இரண்டு கிழமை தைத்தேன். தையல் ஒன்றும் காலில் படாதபடி எல்லாவற்றையும் வெளிப்பக்கம் திருப்பி, உள்ளே தொடையிலிருந்து கரை வரை மெல்லிய பட்டுத்துணி வைத்தேன். கலியாணம் முடிந்து மூன்றாம் நாள் அவர் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார், பச்சை நீலக் கில்ட்டோடு. "எவ்வளவு நேரம் தாங்கினீர்கள்?" என்று கேட்டேன்.

"தேவாலயத்தில் மகளைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். படம் எடுத்தார்கள். சாப்பிட்டோம். மூன்றரை மணி நேரம்" என்றார். "நடனம் தொடங்க முதல் அவளே, அந்த வெள்ளை உடுப்போடு, தெருவைக் கடந்து கார் நிற்கும் இடத்துக்குப் போனாள். என் கில்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, எல்லாரும் பார்க்க மண்டபத்துக்குள் கொண்டுவந்து தந்தாள்."